பட்டத்திற்குப் பின்: மைசூர்ப் பல்கலைக்கழக மாணவர் சிலரின் வாழ்க்கைத் தடங்கள்

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் தோன்றியது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்கு உட்படாத பகுதியில், சமஸ்தானம் ஒன்றில் அமைந்த முதல் இந்தியப் பல்கலைக்கழகம் இதுவே. அதற்கு முன்னர் மைசூரிலிருந்த மகாராஜா கல்லூரியும் பெங்களூரிலிருந்த மத்தியக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. சமஸ்தானத்திற்குத் தேவையான கல்வியைச் சமஸ்தானமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய திவான் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் கருத்து. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் முதல் வேந்தரானார், எச். வி. நஞ்சுண்டய்யா முதல் துணைவேந்தரானார்.

ஒரு பல்கலைக்கழகத்திற்கு மக்கள் வரிப்பணத்தைச் செலவிடும்போது அதன் பயனை எவ்வாறு அளப்பது? 2016 முதல் வெளிவரும் தேசிய நிறுவனத் தரவரிசை, குறித்த காலத்திற்குள் தேர்ச்சி பெறுவோரின் விகிதத்தை ஓர் அளவுகோலாகக் கொள்கிறது. நிர்வாகத்திற்கு இத்தகைய அளவுகோல் தேவைதான். ஆனால், மைசூரின் பழைய மாணவர் சிலரின் வாழ்க்கையை அதன் அருகில் வைத்துப் பார்த்தால், அளவுகோலின் கண்ணில் படாதவை எவை என்பது தெளிவாகும்.

ஆர். கே. நாராயணின் தந்தையார் மைசூரில் தலைமை ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய மகனோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதன்முறை தவறினார். பின்னர்ச் சேர்ந்து, வழக்கத்தைவிட ஓராண்டு கூடுதலாகப் பயின்று, 1930இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆசிரியப் பணியில் சேர்ந்து விரைவிலேயே அதை விட்டார். இன்றைய கணக்கில் அவர் காலந்தாழ்ந்து தேறியவர், வேலையில் நிலைக்காதவர். கிரகாம் கிரீனின் உதவியால் 'சுவாமியும் நண்பர்களும்' நாவல் லண்டனில் வெளிவந்தது 1935இல். பட்டம் பெற்ற 30 ஆண்டுகளுக்குப் பின், 1960இல், அவருக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. தேர்வில் தவறிய அந்த மாணவரே பின்னாளில் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, பள்ளிச் சிறுவர் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றி அவையில் பேசினார்.

மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1929இல் பிறந்த ஏ. கே. இராமானுஜனின் திருப்பம் வேறு வகையானது. கல்லூரியில் முதலாண்டு அறிவியல் பயின்றார். கணிதப் பேராசிரியரான தந்தையார், மகனுக்குக் கணக்கில் நாட்டமில்லை எனக் கண்டு, ஆங்கில இலக்கியத்திற்கு மாறச் செய்தார். (கணக்குப் பேராசிரியர் ஒருவர் இவ்வாறு செய்தது வியப்பிற்குரியதே.) கொல்லம், பெல்காம், பரோடா ஆகிய ஊர்களில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தபின், 1959இல் மொழியியல் பயில அமெரிக்கா சென்றார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் நூல்களை அவர் கண்டெடுத்தார். குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றின் ஆங்கிலப் பெயர்ப்பு 1967இல் நூலாயிற்று. தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தவருக்குச் சங்க இலக்கியம் கடல் கடந்த நூலகத்தில்தான் கிட்டியது என்பது நம் பாடத்திட்டங்களை வகுப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

பல்கலைக்கழகம் பிறந்த அதே 1916இல் மைசூரில் பிறந்தவர் சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ். 1936இல் மகாராஜா கல்லூரியில் சமூகத் தத்துவம் பயின்று பட்டம் பெற்றார். பம்பாயில் ஜி. எஸ். குர்யேயிடம் பயின்றபின் ஆக்ஸ்போர்டு சென்றார். 1948இல் மைசூரை அடுத்த ஒரு கிராமத்தில் தங்கி மக்கள் வாழ்க்கையை ஆராய்ந்தார். நூல்களில் அதற்கு அவர் இட்ட புனைபெயர் ராம்புரா. ஆதிக்கச் சாதி, சமஸ்கிருதமயமாதல் எனும் கருத்தாக்கங்கள் அவர் வழியே பரவின. கிராம வளர்ச்சித் திட்டம் எதையும் வகுப்போர் இவற்றை அறியாமல் இருக்க இயலாது. கிராமத்துக்கு வரும் உதவி யார் கையில் சேர்கிறது என்ற வினாவிற்கு விடை இங்குதான் தொடங்குகிறது.

1970 ஏப்ரல் மாதம், ஸ்டான்போர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்தில் தீவைப்பு நிகழ்ந்தது. அவர் பல்லாண்டுகளாகச் சீர்படுத்தி வைத்திருந்த ராம்புராக் குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்தன. ஆய்வாளனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. நினைவிலிருந்தே எழுதும்படி மானிடவியல் அறிஞர் சால் டாக்ஸ் ஊக்கினார். அவ்வாறு எழுந்த 'நினைவில் வாழும் கிராமம்' 1976இல் வெளிவந்து, இந்தியக் கிராமத்தைப் பற்றிய சிறந்த நூல்களுள் ஒன்றாக நிலைத்தது. இதற்கிடையே 1972இல், வி. கே. ஆர். வி. ராவுடன் சேர்ந்து சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைக் கட்டியெழுப்ப அவர் பெங்களூர் வந்துவிட்டார்.

இவ்வாறு திரும்பி வந்தோரில் ஒரு பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற ராஜேஸ்வரி சாட்டர்ஜி, அரசு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1953இல் நாடு திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நுண்ணலைப் பொறியியல் கற்பிக்கலானார். அக்கழகத்தின் பொறியியல் துறையில் ஆசிரியப் பணியேற்ற முதல் பெண்மணி அவரே. பொது நிதி நேரடியாகப் பயன் தந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குவெம்புவோ மைசூரை விட்டு அகலவே இல்லை எனலாம். 1929இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அதே ஆண்டு மகாராஜா கல்லூரியில் விரிவுரையாளரானார்; 1956இல் துணைவேந்தரானார். தான் பயின்ற பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான முதல் மைசூர்ப் பட்டதாரி அவர். மானசகங்கோத்திரி எனும் முதுகலை வளாகம் அவர் காலத்தில் உருவாயிற்று, பெயரிட்டவரும் அவரே.

பழைய மாணவர் பதிவேட்டைப் பேணுவதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு. 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தனியே பிரிந்தபோது மத்தியக் கல்லூரி அதனுடன் சென்றது. பாரத ரத்னா பெற்ற வேதியியல் அறிஞர் சி. என். ஆர். ராவ் அக்கல்லூரியில் பயின்று 1951இல் பட்டம் பெற்றவர். பட்டம் வழங்கியது மைசூர். 1967இல் மைசூர் தேசியப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்ற நாராயண மூர்த்தியின் கல்லூரி, பின்னர் 1998இல் தோன்றிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சென்றது. இத்தகையோரை எந்தப் பல்கலைக்கழகம் தன் பதிவேட்டில் எழுதுவது? இரண்டுமே எழுதலாம் என்பது என் கருத்து. பட்டமும் முதல் வேலையும் மட்டும் இடம்பெறும் ஏட்டில், பாடம் மாறியது, தேர்வில் தவறியது, நாடு திரும்பியது ஆகியவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். முதலாண்டோடு பதிவை முடிக்காமல் 20ஆம், 40ஆம் ஆண்டுகளிலும் விவரம் கேட்டு எழுதலாம். சீனிவாஸின் ராம்புரா நூல் வெளிவந்தது, அவர் மைசூரில் பட்டம் பெற்ற 40ஆம் ஆண்டில்.