கணக்கில் ஏறாத வாக்கு

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு தொடங்கியதும், நிருபர்கள் மாடத்துக்கு மேலுள்ள சுவரில் எல்லா உறுப்பினர்களின் பெயர்களும் வரிசையாக ஒளிரும். உறுப்பினர் தன் அட்டையைக் கருவியில் செருகிப் பொத்தானை அழுத்தினால், பெயருக்குப் பக்கத்தில் பச்சையோ சிவப்போ எரியும். 2001 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை இரவு, அந்தச் சுவரில் 420 பச்சை எரிந்தன. சிவப்பு ஒன்றே ஒன்று. அது கலிபோர்னியாவின் ஓக்லண்ட், பெர்க்லி பகுதிகளின் உறுப்பினரான பார்பரா லீயின் பெயருக்கு எதிரே. இரட்டைக் கோபுரங்கள் சரிந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. தாக்குதலில் தொடர்புடையவர்கள் என்று அதிபர் தீர்மானிக்கும் நாடுகள், அமைப்புகள், தனிமனிதர்கள் யார்மீதும் படையை ஏவ அவருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அது. செனட்டில் அதற்கு ஆதரவு 98, எதிர்ப்பு பூஜ்யம்.

அமெரிக்காவில் ஒரு மக்கள் பிரதிநிதி எந்தப் பக்கம் சாய்பவர் என்பதை எண்ணில் சொல்லும் பழக்கம் நெடுநாளாக உண்டு. ஜனநாயகச் செயல்பாட்டுக்கான அமெரிக்கர்கள் என்ற தாராளவாத அமைப்பு ஆண்டுக்கு 20 வாக்கெடுப்புகளைப் பொறுக்கியெடுத்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். பழமைவாதிகளும் தங்கள் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். கல்வியாளர்கள் பெரிதும் நம்புவது கீத் பூல், ஹோவர்ட் ரோசந்தால் இருவரும் 1980களில் உருவாக்கிய 'நாமினேட்' முறையை. யார் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார் என்பதை ஆயிரக்கணக்கான வாக்கெடுப்புகளில் ஒப்பிட்டு, இடது கோடிக்கு மைனஸ் ஒன்று, வலது கோடிக்கு பிளஸ் ஒன்று என்கிற அளவில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் குறிக்கும் முறை அது. லீயின் இடம் இடது ஓரத்தில். அது சரியும்கூட. ஆனால் அந்த எண்ணைக் கணக்கிடும்போது 2001 செப்டம்பர் 14 வாக்கு சேர்க்கப்படுவதில்லை. சிறுபான்மைத் தரப்பு 2.5 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் வாக்கெடுப்புகளை அந்த முறை விலக்கிவிடும். 421 பேர் வாக்களித்த சபையில் குறைந்தது 11 பேர் எதிர்த்திருந்தால்தான் அது கணக்கில் ஏறும். ஒரு பிரதிநிதியின் வாழ்நாளில் எடைமிக்க வாக்கு எதுவோ, அதுவே அவரை அளக்கும் எண்ணில் இல்லை.

இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் நின்ற வாக்கெடுப்பை வைத்து இரண்டு உறுப்பினர்களை வேறுபடுத்த முடியாது; விதிவிலக்காக நின்ற ஒருவருக்காகக் கணக்கையே வளைக்கவும் முடியாது. புள்ளியியல்படி அந்த முடிவு நியாயமானதுதான். என் மறுப்பு கணக்கிடும் முறைமீது அல்ல. அதன் விடையைக் கொள்கையின் அளவாகவே எடுத்துக்கொள்ளும் பத்திரிகை வழக்கத்தின்மீது. இந்த எண் சொல்வது கூட்டாளிகளை மட்டுமே; காரணம் அதற்குத் தெரியாது. 2021 நவம்பர் 5 அன்று உள்கட்டமைப்பு மசோதா 228-206 என நிறைவேறியபோது, அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் உட்பட ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள் ஆறு பேர் எதிர்த்தார்கள். இது போதாது, சமூகநல மசோதாவும் கூடவே வரவேண்டும் என்பது அவர்கள் வாதம். குடியரசுக் கட்சியினர் எதிர்த்ததோ இதுவே அதிகம் என்று. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்: குடியரசுக் கட்சியோடு சேர்ந்து விழுந்த வாக்கு. அதனால் அந்த ஆறு பேரும் நடுப்பக்கம் நகர்ந்தவர்களாகத் தெரிவார்கள்.

பாதுகாப்பான தொகுதியில் இருப்பவருக்குத் துணிச்சல் காட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஓக்லண்ட் சாதாரணத் தொகுதி அல்ல என்பது உண்மைதான். வியட்நாம் போரை எதிர்த்து 1970இல் வென்ற ரான் டெல்லம்ஸ் 27 ஆண்டுகள் வைத்திருந்த இடம் அது. அவருடைய அலுவலகத்தில் பணியாற்றி, கலிபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் இருந்து, 1998 ஏப்ரல் இடைத்தேர்தலில் அந்த இடத்துக்கு வந்தவர் லீ. தனி வாக்குக்குப் பிறகு கொலை மிரட்டல்கள் வந்தன, காவலர் துணையோடு நடமாட வேண்டியிருந்தது. ஆனாலும் 2002 தேர்தலில் 80 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். ஆகவே தொகுதி கைகொடுத்தது என்பதை ஏற்கலாம். ஆனால் தொகுதி கைகொடுக்கும் என்பதே ஒருவரை எதிர்த்து வாக்களிக்க வைத்துவிடும் என்றால், அன்றிரவு சிவப்பு விளக்குகள் நிறைய எரிந்திருக்க வேண்டும். அட்லாண்டாவில் அசைக்க முடியாதவராக இருந்த ஜான் லூயிஸ் பச்சை அழுத்தினார். பின்னாளில் போர் எதிர்ப்புக்குப் பேர்பெற்ற டெனிஸ் குசினிச், வலதிலிருந்து எதிர்த்துவந்த ரான் பால், அப்போது இதே சபையில் இருந்த பெர்னி சாண்டர்ஸ் எல்லோரும் பச்சைதான். பயமில்லாத தொகுதிகள் பல இருந்தன; வாக்கு ஒன்றுதான் விழுந்தது.

தனியாக நின்றதாலேயே ஒரு வாக்கு சரியாகிவிடாது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. மொன்டானாவின் பிரதிநிதி ஜெனட் ராங்கின் 1917இல் இதே சபையில் முதல் உலகப் போரை எதிர்த்த 50 பேரில் ஒருவர். அடுத்த ஆண்டே செனட் தேர்தலில் தோற்றார். 1940இல் மீண்டும் வென்றுவந்து, பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட மறுநாள், 388-1 என்ற வாக்கெடுப்பில் அந்த ஒருவராக நின்றார். அதன்பின் அவர் தேர்தலில் நிற்கவில்லை. அவருடைய நேர்மையை மதிக்கிறேன், 1941 முடிவை ஏற்கவில்லை. ஜப்பான் அப்போதே போரைத் தொடங்கிவிட்டிருந்தது. லீயின் வாக்கை வேறாகப் பார்ப்பதற்குக் காரணம் தீர்மானத்தின் வாசகம். அதிகாரம் தந்த அறுபது சொற்களில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, முடிவு தேதியும் இல்லை. எதிர்த்துப் பேசிய சில நிமிடங்களில், முடிவு எதுவென்று தெரியாத போருக்குள் இறங்க வேண்டாம், கொஞ்சம் நிதானிப்போம் என்பதைத்தான் லீ கேட்டார். தாக்குதல் நடத்தியவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. 2014இல் ஒபாமா அரசு ஐ.எஸ். அமைப்பின்மீது குண்டுவீச இதே அறுபது சொற்களைத்தான் ஆதாரமாகக் காட்டியது. வாசகத்தைப் படித்து அவர் பயந்தது எதுவோ அதுவே நடந்தது. அதனால்தான் அந்த வாக்கைச் சரி என்கிறேன்.

தேர்தல் முடிவை ஒருவரின் கொள்கைக்குக் கிடைத்த தீர்ப்பாகப் படிப்பதும் இதேபோல் ஏமாற்றும். 2024 மார்ச்சில் செனட் இடத்துக்கான முதல்நிலைத் தேர்தலில் கலிபோர்னியா முழுவதும் லீயை எடைபோட்டபோது அவர் நான்காம் இடத்தில் நின்றார், சுமார் 10 சதவீத வாக்கோடு. மறு ஆண்டே ஓக்லண்ட் அவரை மேயராக்கியது. அவரது பதிவேடு இடையில் மாறிவிடவில்லை, வாக்காளர்கள்தான் மாறினார்கள். நம் இந்திய நாடாளுமன்றத்திலோ, 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடலாம். தனி உறுப்பினரின் வாக்குப் பதிவேடு என்று படிக்க அங்கே அதிகம் இருக்காது. அப்படிப்பட்ட பதிவேடு இருக்கிற நாட்டில், அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிட்டு நகர்வது பெரிய இழப்பு என்றே படுகிறது.

லீ அந்த 2001 தீர்மானத்தை நீக்கப் பல ஆண்டுகள் மன்றாடினார். 2017 ஜூன் 29 அன்று, குடியரசுக் கட்சி பெரும்பான்மையாக இருந்த நிதி ஒதுக்கீட்டுக் குழுவில், 2001 அதிகாரத்தை எட்டு மாதங்களில் முடிவுக்குக் கொண்டுவரும் அவரது திருத்தம் நிறைவேறியது. அறையில் கைதட்டல் எழுந்தது. சில வாரங்களில் சபைத் தலைமை அதை மசோதாவிலிருந்து உருவிவிட்டது. குழுவில் அது நிறைவேறியது குரல் வாக்கெடுப்பில். யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று அதில் பெயர்வாரியாகப் பதிவாகாது. தனியாக நின்று தோற்ற அன்றைய வாக்கைப் போலவே, ஜெயித்த இந்த வாக்கும் அவருடைய எண்ணில் இல்லை.