எடை குறைய வேண்டுமா? எண்ணெய் டின்னில் கணக்கைத் தொடங்குங்கள்!

"நான் சாப்பிடுறதே கொஞ்சம்தான். ஆனாலும் எடை மட்டும் ஏறிக்கிட்டே போகுது!"

இந்த வசனம் கேட்காத வீடு இருக்காது. சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

1992-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. 'எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்ன 10 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்கள் உடல் கலோரியை எரிக்கும் வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. உண்மையில் சாப்பிட்டதில் கிட்டத்தட்ட பாதி, அவர்கள் எழுதிக்கொடுத்த கணக்கில் இல்லவே இல்லை!

நம் வீட்டில் அந்தப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது? குழந்தை மிச்சம் வைத்த அரை தோசை, 'வீணாகப் போகிறதே' என்று வழித்துப் போட்டுக்கொண்ட கடைசிக் கரண்டி சாதம், டீயோடு கொறித்த ஒரு கைப்பிடி மிக்ஸர், வாணலியில் கண் அளவாக ஊற்றிய எண்ணெய். வீட்டில் சமைப்பவருக்கே பெரும்பாலும் இந்தக் கணக்கு தவறுகிறது. அதனால் 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்ற பேச்சையும் அவரே கேட்க வேண்டியிருக்கிறது.

கலோரி... ரொம்ப சிம்பிள்!

ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் மட்டும் 9. பாக்கெட் உணவுகளின் பின்பக்கம் 'கிலோகலோரி' என்று அச்சிட்டிருப்பார்களே, நாம் பேச்சுவழக்கில் கலோரி என்பது அதைத்தான்.

உடல் செலவழிப்பதைவிட அதிகமாகச் சாப்பிட்டால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். குறைவாகச் சாப்பிட்டால் சேர்ந்த கொழுப்பு கரையும். ஒரு கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. தினமும் 350 கலோரி குறைத்தால், மாதம் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் இறங்கும். கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால், பட்டினி இல்லாமல் இறங்குகிற எடையைத் தக்கவைப்பது சுலபம்.

உங்களுக்கு எவ்வளவு தேவை?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதற்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 1918-ல் நம் குன்னூரில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போன நிறுவனம் அது. அதன் 2020 பரிந்துரைப்படி, உட்கார்ந்தே வேலை செய்கிற 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி தேவை. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 2,110 கலோரி.

எடை கூடக்கூடத் தேவையும் கூடும். 70 கிலோ எடையுள்ள நடுவயதுப் பெண்ணுக்குச் சுமார் 1,800 கலோரி பிடிக்கும். அவர் 1,450-க்கு இறங்கினால் போதும். 800, 900 என்று பாதாளத்துக்கு இறங்கினால் கொழுப்போடு தசையும் கரையும். முடி கொட்டும். சோர்வு வரும். கடைசியில், பழைய சாப்பாடு பழைய எடையோடு திரும்பி வரும்.

எண்ணெய் டின் கணக்கு

தட்டில் கை வைப்பதற்கு முன் எண்ணெயில் கை வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பங்கு ஒரு நாளைக்கு 41 மில்லி. கலோரியில் சுமார் 340. அதையே 3 லிட்டராக்கினால் ஒருவர் பங்கு 25 மில்லி, சுமார் 205 கலோரி.

சாதத்தில் ஒரு கரண்டிகூடக் குறைக்காமல், வீட்டில் ஒவ்வொருவருக்கும் தினமும் 135 கலோரி மிச்சம்! ஒருவருக்காகத் தனிச் சமையல் செய்ய வேண்டியதும் இல்லை. நெய், தேங்காய் கணக்கு தனி. ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி. இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் 50 முதல் 60 கலோரி.

அடுப்படியில் சின்னச் சின்ன மாற்றங்கள்

* எண்ணெயை பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். டீஸ்பூனால் அளந்து விடுங்கள்.
* பொரியலுக்குக் காயை முதலில் ஆவியில் வேகவைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள்.
* கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். வதக்குவதற்குப் பதில் சுட்டுத் துவையலாக்கலாம், கொத்சு வைக்கலாம்.
* அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் சுட்டுக்கொள்ளுங்கள்.
* தேங்காய்ச் சட்னி வாரம் இரண்டு நாள் போதும். மற்ற நாள்களில் புதினா, கொத்தமல்லி, தக்காளி.
* நன்றாகப் பழகிய இரும்பு தோசைக்கல்லுக்கு வெங்காயத்தில் தொட்டுத் தேய்க்கும் எண்ணெயே போதும்.

சாதத்தை விட்டுவிட்டு சப்பாத்திக்கு மாறலாமா?

அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு... எதை எடுத்தாலும் 100 கிராம் தானியத்தில் 320 முதல் 360 கலோரி வரை இருக்கும். கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும் என்பது உண்மை. ஆனால், 'சிறுதானியம்தானே' என்று நான்கு கம்பு தோசை சாப்பிட்டால் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. எந்தத் தானியம் என்பதைவிட எத்தனை கிராம் என்பதுதான் கேள்வி.

ஒரு வாரம் மட்டும் சாதத்தை ஒரே கப்பில் அளந்து போடுங்கள். பிறகு கண்ணே அளவு சொல்லிவிடும்.

ஒரு நாள் மெனு: சுமார் 1,450 கலோரி

* காலை 6.30: 100 மில்லி பால், ஒரு டீஸ்பூன் சர்க்கரையுடன் காபி – 85
* காலை 8.30: 3 இட்லி, ஒரு கப் சாம்பார், புதினாச் சட்னி – 310
* 11 மணி: ஒரு டம்ளர் நீர்மோர் – 40
* மதியம்: 150 கிராம் சாதம், பாசிப்பருப்பு போட்ட கீரைக்கூட்டு ஒரு கப், பீன்ஸ் பொரியல், ரசம், கொஞ்சம் தயிர் – 460
* மாலை: ஒரு டீ, அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல் – 205
* இரவு 7.30: எண்ணெய் விடாத 2 சப்பாத்தி, பருப்பு அல்லது ஒரு முட்டை போட்ட குழம்பு, வெள்ளரிக்காய் – 355

இதில் பட்டினி எங்கேயும் இல்லை. பசித்தால் கூட்டையும் பொரியலையும் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளலாம். கல்யாணம், பண்டிகை வந்தால் ஒரு வேளை நிறைவாகச் சாப்பிடுங்கள். அடுத்த வேளையிலிருந்து வழக்கத்துக்குத் திரும்பினால் போதும். முந்தைய நாளுக்குத் தண்டனையாகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

காபி, டீயைக் கவனியுங்கள். நாளைக்கு நான்கு முறை என்றால் அதுவே 340 கலோரி, கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு!

தராசைத் தினமும் நம்பாதீர்கள்

உப்பு கூடினால், மலச்சிக்கல் இருந்தால், மாதவிடாய் நெருங்கினால் ஒரு கிலோ வரைகூட ஏறிக் காட்டும். அது கொழுப்பு இல்லை. வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது நம்மவர்களுக்கான எல்லைக்கோடு.

இரண்டு, மூன்று மாதங்களில் எடை ஓரிடத்தில் நின்றுவிடும். பயப்படாதீர்கள். எடை குறைந்த உடலுக்குத் தேவையும் குறைந்திருக்கும். தினமும் அரை மணி நேர நடையைச் சேருங்கள், அல்லது அளவை மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கலோரியைக் குறைக்கும் நேரம் இது இல்லை. வளரும் பிள்ளைகளைத் தட்டை எண்ணச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு விளையாட்டும் வீட்டுச் சாப்பாடும் போதும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். சாப்பாட்டைக் குறைக்காமலே எடை சரசரவென இறங்கினாலும், எவ்வளவு முயன்றும் இறங்காமல் உடம்பு வீங்கிச் சோர்வாக இருந்தாலும், தைராய்டு, சர்க்கரை பரிசோதனை அவசியம்.

இன்றே செய்ய ஒன்று

அடுத்த முறை எண்ணெய் பாக்கெட்டை வெட்டும்போது, அந்தத் தேதியைச் சமையலறை காலண்டரில் குறித்துவையுங்கள். அடுத்த பாக்கெட் வெட்டும் தேதியையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள், வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது!