உப்பை உள்ளே விடாத தோல்

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மணிக்கணக்காக நிற்பார்கள். கோடையில் அந்தத் தண்ணீர் கடல்போலவே கரிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் உடம்பின் நீரில் அதில் கால்வாசிதான், ஏறக்குறைய 9 கிராம். உப்பு அதிகமாக உள்ள பக்கம் தண்ணீரை இழுக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அப்படியானால் அவர்களுடைய உடம்பின் தண்ணீரை ஏரி ஏன் உறிஞ்சிவிடவில்லை?

தோலின் மேலோடு விடுவதில்லை. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிட்டால், அந்த ஓட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு எடுத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். உயிர் போய்த் தட்டையாகிப்போன செல்கள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். இடுக்குகளில் கொழுப்பு நிறைந்திருக்கும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா மணல்திட்டு கிடக்கிறதே, அதுபோல வெளியுலகுக்கும் நம் உள்ளீரத்துக்கும் நடுவே இது கிடக்கிறது. எனக்கு இது பெரிய ஆச்சரியம். இவ்வளவு மெல்லிய ஒன்று ஒரு கடலையே தடுத்து நிறுத்துகிறது!

உங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் இந்த மேலோடு உண்டு. ஆனால் அதைக் கட்டும் வேலை இன்னும் முடியவில்லை.

தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில்தான் அது கெட்டிப்படுகிறது. அப்போது பாப்பா தண்ணீருக்குள்ளேயே மிதக்கிறது. ஊறிப்போகாமல் இருக்க, உடம்பெங்கும் வெள்ளையாக ஒரு பிசுக்குப் படிந்திருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர். மீதி புரதமும் கொழுப்பும். பிறந்த குழந்தையின்மேல் இதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்து, உடனே தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. அது அழுக்கே அல்ல. குளிர் தாக்காமலும் இருக்கட்டும் என்று, முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிறந்த பிறகு நடப்பதுதான் இன்னும் சுவையானது. பிறந்த அன்று பாப்பாவின் தோலில் அமிலத்தன்மை மிகக் குறைவு, அதன் பி.எச். அளவு கிட்டத்தட்ட 7. சில வாரங்களில் அது 5.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதாவது தோல் லேசாகப் புளிப்பேறுகிறது. செல்களுக்கு நடுவே கொழுப்பை உண்டாக்கும் நொதிகளுக்கு இந்தப் புளிப்பு வேண்டும். பல கெட்ட கிருமிகளுக்கோ இது பிடிக்காது. நாம் குளிக்கும் சாதாரண சோப்பின் பி.எச். அளவு 9-க்கும் மேல். பாப்பாவுக்கு அதை நாள்தோறும் நுரைக்க நுரைக்கத் தேய்த்தால், தோல் பாடுபட்டுச் சேர்த்ததைக் கழுவிவிடுகிறோம்.

முதல் ஆண்டு முழுவதும் குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அதே வேகத்தில் இழக்கவும் செய்யும். மேலோட்டின் தடிமன் பெரியவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. செல்களும் சிறியவை. ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்களும் போதாது. குளிப்பாட்டிய கொஞ்ச நேரத்திலேயே பாப்பாவின் கன்னம் வறண்டு போவது இதனால்தான்.

34 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைகளுக்கு மேலோடு இன்னும் பலவீனம். அதைத் தாண்டிக் கிருமிகள் எளிதாக உள்ளே போகும். வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்தின் டாக்கா நகர மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது. எண்ணெய் தடவாத குழந்தைகளைவிட இவர்களுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்திருந்தது. தில்லியில் நடந்த ஆய்வில், எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியபோது தோல் வழியே வெளியேறும் நீர் குறைந்தது. ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. எலிகளின் தோலில் சோதித்தபோது கடுகெண்ணெய் மேலோடு சீராவதைத் தாமதப்படுத்தியது. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் காலில் படுக்கவைத்து எண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம்தான். அழுத்தித் தேய்க்காமல் மெல்லத் தடவச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நீங்கள் பாட்டியிடம் சொல்ல வேண்டும். இதை நான் கவலையோடுதான் எழுதுகிறேன். 3 கிலோ குழந்தையின் தோலை விரித்தால் சுமார் 0.2 சதுர மீட்டர் வரும். எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான தோல்! மேலே பூசும் மருந்து எதுவானாலும், அந்தச் சின்ன உடம்புக்குள் பெரிய அளவாகவே போய்ச் சேரும். சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தடவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கற்பூரம் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். கைக்குழந்தைக்கு அதனால் வலிப்பே வரலாம். அடுத்த முறை பாப்பாவுக்கு மூக்கு அடைத்தால் கற்பூர டப்பாவைத் திறக்க விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.