குமிழி மட்டும் போதுமா?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் ஏராளம். ஆசையாக வாங்கி வந்த தங்க மீன் சில நாளில் செத்து மிதக்கிறது. குழந்தை அழுகிறது. தண்ணீரோ பளிங்கு போல் இருக்கிறது! காரணம் என்ன?

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீனின் கழிவில் அம்மோனியா இருக்கிறது. மிஞ்சிய இரை அழுகினாலும் அது உண்டாகும். அதற்கு நிறம் கிடையாது. அதுதான் மீனைக் கொல்கிறது.

வாயைத் திறந்து குமிழி விடும் பொம்மை அழகுதான். ஆனால் அது விஷத்தை எடுக்காது. எடுப்பவை நன்மை செய்யும் கிருமிகள். புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு மீன் போதும். இரையும் கொஞ்சமாகப் போட வேண்டும்.

ஒரு செலவு, இரண்டு வேலை

சின்னத் தொட்டிக்குப் பஞ்சு வடிகட்டி போதும். விலை குறைவு. காற்று பம்பில் ஓடும். பஞ்சு வழியாகத் தண்ணீர் இழுக்கப்படுகிறது. நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. மேலே வரும் குமிழி தண்ணீரின் மேற்பரப்பை அசைக்கிறது. அந்த அசைவினால் பிராணவாயு கரைகிறது.

கோடையில் பம்பை நிறுத்தவே கூடாது. 20 டிகிரி சூட்டில் 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் சுமார் 7½ தான்.

பஞ்சைப் பலர் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுகிறார்கள். அங்கேதான் வினை! அதிலுள்ள குளோரின் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அலசிப் பிழிய வேண்டும்.

பம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.