ஒரே தலைப்பகுதி, பல நூறு பக்கங்கள்

மதுரைத் திட்டத்தின் மின்னூல் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். நூலுக்கு முன்னால் ஒரு சின்ன ஆங்கிலக் குறிப்பு இருக்கும். இது தன்னார்வலர்களின் முயற்சி, தளத்தின் முகவரி இது, இந்தத் தலைப்பகுதியை நீக்காமல் கோப்பை யாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம். இன்று பல நூறு நூல்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே வரிகள்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதைப் பார்த்ததும் கை அரிக்கும். தனி ஃபைலில் ஒரு தடவை எழுதி, எல்லாப் பக்கத்திலும் சேர்த்துக்கலாமே? முகவரி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதுமே? சரிதான். ஆனால் எந்த இடத்தில் ஒட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எச்டிஎம்எல்லுக்கு இதற்கென்று சொந்த வசதி இல்லை. எச்டிஎம்எல் இம்போர்ட்ஸ் என்று ஒன்று வந்தது. 2020-ல் குரோம் அதையும் எடுத்துவிட்டது. மிச்சம் மூன்று வழிகள்.

1. பிரவுசரில் ஒட்டுவது. ஜாவாஸ்கிரிப்ட் தலைப்பகுதியைத் தனியாகக் கொண்டுவரும். வைப்பது சுலபம். ஆனால் எச்டிஎம்எல் ஃபைலை மட்டும் இறக்கி இன்னொருவருக்கு அனுப்பினால், குறிப்பு கூடப் போகாது. அதை நீக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நாமே நீக்கிய கதைதான்.

2. சர்வரில் ஒட்டுவது. அபாச்சியின் எஸ்எஸ்ஐ, பிஎச்பி இன்க்ளூட் எல்லாம் இந்த வகை. வாசகருக்கு முழுப் பக்கமே போகும். ஆனால் சர்வரில் இருக்கும் மூல ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தால் தலைப்பகுதி ஒட்டாது.

3. ஏற்றுவதற்கு முன்பே நம் கம்ப்யூட்டரில் ஒட்டுவது. ஜெக்கில், ஹியூகோ, அல்லது இருபது வரி பைத்தான் ஸ்கிரிப்ட். வெளியே போகும் ஒவ்வொரு கோப்பும் முழுசு. ஒரே சிரமம், மாற்றம் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கி ஏற்றணும்.

அதனால் நான் முதலில் பிரித்துக்கொள்வது இப்படி. மெனு தளத்துக்குச் சொந்தம். எந்த வழியில் ஒட்டினாலும் பாதகமில்லை. உரிமக் குறிப்பு கோப்போடு பயணம் செய்ய வேண்டியது; அதற்கு மூன்றாவது வழி. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுபவை. அவை அந்தந்தக் கோப்பிலேயே இருக்கட்டும்.

திரும்பத் திரும்ப வருகிற எல்லாமே வீண் இல்லை. நாம் எழுதும்போது ஒரு தடவை, வாசகர் கைக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும். அவ்வளவுதான் கணக்கு.