காப்பவரைக் காப்பது யார்?

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் கூட்டம் நெருக்கியடிக்கும்போது, தீயணைப்பு மீட்புப் படையினர் கீழே காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 'பொம்பா' வந்துவிட்டால் நமக்கு ஒரு தைரியம். ஆனால் நம்மைக் காக்க வருகிறவர்களைக் காப்பது யார்?

2018 அக்டோபர் 3ஆம் நாள், பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில் ஒரு பழைய ஈயக்குட்டையில் 17 வயதுப் பையன் விழுந்துவிட்டான். அவனைத் தேடி, போர்ட் கிள்ளான், ஷா ஆலாம் நிலையங்களின் நீர் மீட்புப் பிரிவினர் ஆறு பேர், ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு இரவில் இறங்கினர். நீரின் வேகம் அவர்களைச் சுழற்றி இழுத்தது. ஆறு பேருமே மாண்டனர். அத்தனை பேரும் பயிற்சி பெற்றவர்கள். வீரத்துக்கும் குறைவில்லை. வீரம் மட்டும் போதாது என்பதே அந்த ஆறு குடும்பங்களின் கண்ணீர் சொல்லும் பாடம்.

ஆகவேதான் மீட்புப் பணியில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் தன் உயிர், அடுத்து உடன் வேலை செய்பவர் உயிர், அதன் பிறகே ஆபத்தில் இருப்பவர். கேட்கக் கல்நெஞ்சம்போல் தோன்றும். ஆனால் காப்பாற்றப் போனவரே விழுந்துவிட்டால், காப்பாற்ற வேண்டியவர் இருவராகிவிடுவார். புகைக்குள் போகிறவர் காற்றுக்கலம் சுமந்து, துணையோடுதான் போகவேண்டும். யார் எப்போது உள்ளே போனார், எவ்வளவு காற்று மிச்சம் என்று ஒருவர் வெளியே நின்று கணக்கெழுதுவார்.

நெருப்பு அணைந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. தீயணைப்பு வேலை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2022இல் முடிவு கூறியது. கரி படிந்த உடையை வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது என்பது இதனால்தான்.

தாய்மார்களே, இது நமக்கும் பொருந்தும். மருந்தடித்துவிட்டு வருகிறவரின் உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், தனியே துவையுங்கள்.

தீயணைப்பு வீரரையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரே சட்டம்தான் காக்கிறது. அது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதன்படி தரவேண்டிய முகமூடி, கையுறைக்காகச் சம்பளத்தில் பணம் பிடிக்கக் கூடாது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். 2024 ஜூன் 1 முதல் இன்னோர் உரிமையும் சேர்ந்துள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதேபோல், கொடுத்த கவசத்தை அணிவது தொழிலாளியின் கடமை. "வெயிலாக இருக்கிறது" என்று கழற்றி வைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு.

வீட்டிலும் இரண்டு காரியம் செய்யலாம். குட்டையில் ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ, நீண்ட கம்போ, மூடிய வெறும் பிளாஸ்டிக் தோம்போ எறியுங்கள். உடனே 999க்கு அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். லயத்துக்கு வரும் பாதையை வண்டிகளால் அடைக்காதீர்கள்.

நம்மைக் காக்க ஓடி வருகிறவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர் பத்திரமாகத் திரும்புவதில் நமக்கும் பங்குண்டு.