தொலைநோக்கி செய்த நெசவாளி

சென்ற விடுமுறையில், பழம்பொருள் கடையொன்றில் பித்தளைத் தொலைநோக்கி ஒன்றைக் கண்டேன். குழலின் மேல் ‘டாலண்ட், லண்டன்’ என்று பொறித்திருந்தது. யார் இந்த டாலண்ட்?

ஜான் டாலண்ட் (1706–1761) பட்டு நெசவாளி. நெசவுக்கிடையே தாமாகவே கணிதமும் ஒளியியலும் கற்றவர். 1752-இல் மகன் பீட்டரின் ஒளிக்கருவித் தொழிலில் சேர்ந்தார். அந்நாளில் ஒற்றை வில்லையின் வழியே பார்த்தால் உருவத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தோன்றும். கிரௌன், பிளிண்ட் என்னும் இருவகைக் கண்ணாடிகளை அவர் இணைத்தார். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்தது. 1758-இல் காப்புரிமையும் பெற்றார்.

ஆனால், செஸ்டர் மூர் ஹால் என்பவர் முன்னரே இதைக் கண்டறிந்தும் உலகுக்கு அறிவிக்கவில்லை. டாலண்ட் மறைந்தபின், 1766-இல் வழக்கு மன்றமேறியது. கண்டதைப் பூட்டி வைத்தவரைவிட, ஊருக்கு அளித்தவரே உரிமைக்குத் தக்கவர் என்று தீர்ப்பாயிற்று.

நண்பர்களே, நம் குறிப்பேடுகளுள் பூட்டிக் கிடப்பவை எத்தனை?